பிடுங்கித் தின்றவன் மகிழ்ச்சியாக இருப்பான் என்கிறாள் என் மகள்

கேள்வி (கோத்தகிரியிலிருந்து ஒரு தாய்):
என் மகளுக்கு நான்கரை வயது. ஒரு சிறுவன் தன் தோழியின் கையிலிருந்த வர்க்கியைப் பிடுங்கித் தின்றுவிட்டதாகக் கதை சொல்லி, அவன் மனம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “சந்தோஷமா இருப்பான், அவனுக்கு வர்க்கி கிடைச்சிருச்சே” என்றாள். பிடுங்குவது தப்பு என்பதையும் அவளே சொல்கிறாள். ஆனாலும் அவன் வருந்துவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இரக்கமில்லாமல் வளர்கிறாளோ என்று கவலையாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் 1 (குன்னூர், மழலையர் பள்ளி ஆசிரியை):
கவலைப்படாதீர்கள், சகோதரி. இந்த வயதில் மகிழ்ச்சி என்றால் விரும்பியது கைக்கு வருவதுதான். நன்னர்-விங்க்லர், சோடியன் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், இனிப்பைத் திருடிய சிறுவனின் கதையைக் கேட்ட 4 வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் உங்கள் மகளைப் போலவே பதில் சொன்னார்கள். 8 வயதுப் பிள்ளைகளோ அவன் வருந்துவான் என்றார்கள். கதை மாந்தரைப் பற்றிச் சொல்லும் இந்தப் பதிலை வைத்துக் குழந்தையின் குணத்தை எடைபோடக் கூடாது. அவளைத் திருத்த முனையாமல், வர்க்கியை இழந்த தோழியின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று மட்டும் கேளுங்கள்.

பதில் 2 (பண்ணைக்காடு, ஒரு தந்தை):
கொடுக்கவும் வாய்ப்புத் தாருங்கள், அம்மா. பிளம்ஸ் பழுக்கும் பருவத்தில் என் மூன்று வயது மகன் தன் பங்கிலிருந்து ஒன்றை எடுத்து, ஸ்வெட்டரில் துடைத்து, பாட்டியின் உள்ளங்கையில் வைத்து அழுத்துவான். அவர் கடித்துச் சுவைக்கும் வரை அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்க மாட்டான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டுகிறது: இரண்டு வயது நிறையாத குழந்தைகள், தின்பண்டத்தைப் பெற்றபோது இருந்ததைவிடக் கொடுத்தபோது அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள், அதிலும் தங்கள் பங்கிலிருந்தே கொடுத்தபோது மகிழ்ச்சி கூடியது. கொடுக்கும்போதெல்லாம் ஒரு சாக்லேட்டோ ஸ்டிக்கரோ தந்தால் பழக்கம் விரைவில் படியும்.

பதில் 1 (மீண்டும்):
கடைசி யோசனையை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை, அண்ணா. வார்னெகனும் டோமசெல்லோவும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றபின், எதுவுமே பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். பாட்டியின் முகம் மலர்வதைப் பார்ப்பதே உங்கள் மகனுக்குப் போதுமானதாக இருக்கிறது. அதற்கு மேல் சாக்லேட் வைத்தால் அவன் கண் சாக்லேட்டுக்குத்தான் போகும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வர்க்கி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை இனி அவளிடமே விடுகிறேன். எத்தனை கொடுப்பது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும்.