படையைக் கப்பலேற்றும் வேலைக்கு என்ன பெயர்?

நாகர்கோவில் ஆசிரியை:
வணக்கம். பாதுகாப்பியல் தாளைத் தமிழில் எழுதும் மாணவர்களுக்குக் குறிப்பேடு தயாரிக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரு படைப்பிரிவு கப்பலிலோ விமானத்திலோ புறப்படும் முன் வண்டிகளை எடை போட்டு, பட்டியல் எழுதி, அடுக்கும் வரிசையை வரைந்து, ஆளையும் சாமானையும் ஏற்றுகிறார்களே, அந்த மொத்த வேலைக்கும் ஒரே சொல் வேண்டும். 'எம்பார்க்கேஷன்' என்றே போட்டுவிடலாமா?

அருமனைப் புலவர்:
கூடவே கூடாது. அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தியதாக இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி பாடிய மொழிக்கா சொற்பஞ்சம்? 'கலமேற்றம்' என்க. விண்கலம் என்கிறோமே, ஆகவே விமானத்துக்கும் பொருந்தும். 'கல்லுதல்' என்றால் தோண்டுதல். மரத்தைக் கல்லிக் குடைந்ததே முதற்கலம். மண்ணைக் கல்லுவதால் கலப்பை. இந்த வேரைத் தொடர்ந்தால் 'கலை' வரைக்கும் போகலாம்...

குளச்சல்:
போகவேண்டாம் ஐயா, திங்கட்கிழமை வந்துரும். எங்க ஊரில் சுமையைச் 'சுமடு' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 'படைச்சுமடு' என்று வையுங்க.

அருமனைப் புலவர்:
சென்னை மாணவன் அதை மலையாளம் என்பான்.

தக்கலை, முன்னாள் ராணுவத்தான்:
ஏற்றுவது மட்டும் வேலையில்லை டீச்சர். இறங்கும் இடத்தை நினைத்துத்தான் ஏற்றுவதே. கரையில் முதலில் தேவைப்படுவது கப்பலில் கடைசியில் ஏறணும். இடம் மிச்சம் என்று வெடிகுண்டுப் பெட்டிமேல் கூடாரத்தை அடுக்கினால் அங்கே போய்த் திண்டாட்டம்தான். 1982 ஏப்ரலில் ஃபாக்லாந்துத் தீவுப் போருக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல்களில் அவசரத்தில் கிடைத்ததைக் கிடைத்தபடி ஏற்றிவிட்டார்கள். பாதி வழியில் அசென்ஷன் தீவில் நிறுத்தி, சாமான்களைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. விமானத்தில் கணக்கு இன்னும் கடுமை. எடை தாங்குமா என்பதோடு முடியாது. எடை எந்த இடத்தில் உட்காருகிறது என்றும் பார்க்கணும். ஒவ்வொரு வண்டியையும் சக்கர அச்சு வாரியாக எடை போட்டு, அதன் எடை மையத்தைப் பக்கவாட்டில் கோடு போட்டுக் காட்டுவோம். பின்கதவு வழி ஏற்றும்போது வண்டியைப் பின்பக்கமாக உள்ளே விட்டால், இறங்கின இடத்தில் நேரே ஓட்டி வெளியே வந்துரலாம். 'கலமேற்றம்' என்றால் இதில் எது விளங்கும்?

நாகர்கோவில் ஆசிரியை:
அப்படியானால் 'படையேற்ற ஆயத்தம்'? சென்றபின் நிலைகொள்வதற்கு ஒருவர் 'படைநிறுத்தம்' என்று எழுதிக்கொடுத்தார். பையன்கள் அதைப் போர்நிறுத்தம் என்று வாசிக்கிறார்கள். அதையும் மாற்றணும்.

அருமனைப் புலவர்:
'ஏற்றம்' கிணற்றில் நீர் இறைப்பது. பகைமேற் செல்லுதலுக்கு வஞ்சித்திணை இருக்கிறது. 'வஞ்சி ஆயத்தம்' என்க.

குளச்சல்:
வஞ்சி என்றால் யாரை வஞ்சிக்க என்று கேட்பான். டச்சுக்காரன் 1741-ல் எங்க கரையில் அடிவாங்கினபோது எந்தத் திணையும் பார்க்கலை. பிடிபட்ட டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானான், கல்லறை உதயகிரிக் கோட்டையில்தான் இருக்கு.

மார்த்தாண்டம்:
வஞ்சி பேசுகிற ஐயா, தொல்காப்பியர் 'முந்நீர் வழக்கம் மகடூஉவோடு இல்லை', அதாவது பெண்ணோடு கடற்பயணம் கிடையாது, என்றும் சொல்லியிருக்கிறாரே. இன்றைக்குக் கடற்படைக் கப்பலில் பெண் அதிகாரிகள் போகிறார்கள். அந்த நூற்பாவையும் குறிப்பேட்டில் சேர்க்கவா?

அருமனைப் புலவர்:
அது அகத்திணை. இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்.

தக்கலை:
'படையேற்ற ஆயத்தம்' எனக்குச் சம்மதம். 'அடுக்குவரிசை' என்று இன்னொரு சொல்லையும் பக்கத்தில் போடுங்க, உயிரே அதில்தான். லோடிங் வேலை செய்கிற எவனும் அகராதி இல்லாமல் புரிந்துகொள்வான்.

நாகர்கோவில் ஆசிரியை:
இரண்டையும் அச்சுக்கு அனுப்புகிறேன். 'படைநிறுத்தம்' அடித்துவிட்டு 'படை நிலைகொள்ளல்' என்று போட்டிருக்கிறேன். யாருக்காவது மறுப்பு உண்டா?

அருமனைப் புலவர்:
உண்டு. 'ஆயத்தம்' தமிழ்தானா என்று முதலில் பார்ப்போம். விரிவாக நாளை எழுதுகிறேன்.