பெரிய வீட்டு மராமத்து (குடும்பக் குழு)

காரைக்குடி அண்ணன்: (படம்) கானாடுகாத்தான் வீடு, இரண்டாம் கட்டுத் தாழ்வாரச் சுவர். ராத்திரி மழைக்கு ஓதம் இன்னும் ஒரு முழம் இறங்கியிருக்கிறது. கை வைத்தால் பூச்சு அப்பளமாக உதிர்கிறது.

மதுரை ஆச்சி: பிள்ளையார் நோன்புக்கு எல்லாரும் வருகிறோமே தம்பி. அதற்குள் பூசிவிட முடியாதா?

காரைக்குடி அண்ணன்: சிமெண்ட் என்றால் உடனே முடித்துத் தருகிறேன் என்கிறார் கொத்தனார். நான்தான் வேண்டாம் என்றேன் ஆச்சி. அது சுண்ணாம்புச் சாந்தில் எழும்பிய சுவர். ஈரம் வெளியேறிக் காய வழி வேண்டும். மேலே சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். பிறகு செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டுதான் விழும்.

அப்பச்சி: சுவரை விடு. ஓட்டுக்கு மேலே ஆள் ஏற்றிப் பார்த்தாயா? இரண்டு சரிவும் சேரும் மூலையில் தகரம் இற்றுப்போயிருக்கும்.

காரைக்குடி அண்ணன்: அதேதான் அப்பச்சி. தகரத்தில் ஓட்டை. கீழே தேக்குச் சட்டத்தின் நுனி கறுத்திருக்கிறது. ஆணியால் குத்திப் பார்த்தோம், மேலாகத்தான் இறங்கியது. பர்மா தேக்கு, உள்ளே திடமாக இருக்கிறது.

டொராண்டோ தம்பி: அண்ணே, இங்கே எங்கள் பழைய வீட்டிலும் மாடிச் சுவரில் கறை. வெளியே மைனஸ் 15, எல்லாம் உறைந்து கிடக்கும்போது எப்படி ஒழுகும் என்று குழம்பினோம். வீட்டுச் சூடு கூரை வழியாகக் கசிந்து, மேலே கிடக்கும் பனி அடியில் உருகுகிறது. அந்தத் தண்ணீர் கூரை விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைந்து அணை கட்டிவிடுகிறது. பின்னால் தேங்குவது கூரைக்குள் புகுந்து சுவரில் இறங்குகிறது. பெயிண்ட் வேலையை நிறுத்திவிட்டு, சூடு கசியும் இடுக்குகளை முதலில் அடைக்கிறோம்.

மதுரை ஆச்சி: குழாய் உறைந்து வெடிக்கும் என்பார்களே, பிள்ளைகள் இருக்கிற வீடு.

டொராண்டோ தம்பி: வெளிச்சுவர் ஓரத்துக் குழாயை ராத்திரியில் லேசாகச் சொட்ட விடுகிறோம் ஆச்சி.

மதுரை ஆச்சி: சரி, அப்ப நோன்பு?

காரைக்குடி அண்ணன்: மழை விட்டதும் தகரத்தை மாற்றி, அந்தப் பக்கத்து ஓடுகளைப் பிரித்து வேய்ந்துவிடலாம். நோன்புக்குள் பூச்சு முடியாது, தை பிறந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகுதான். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்த சுண்ணாம்பு, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. ஒரு பூச்சு இறுகாமல் அடுத்தது போடக் கூடாது.

அப்பச்சி: அப்படியே செய். நோன்புக்கு இழை எடுக்கும் சடங்கை முன்கட்டில் வைத்துக்கொள்ளலாம், அங்கே ஒழுகவில்லை.

மதுரை ஆச்சி: பங்காளிகளிடம் பங்குப் பணத்துக்கு நான் பேசுகிறேன்.

காரைக்குடி அண்ணன்: பேசும்போது இதையும் கேளுங்கள் ஆச்சி: மூலைக்கு மறுபடி தகரமா, செம்புத் தகடா? செம்பு விலை அதிகம், ஆனால் துருப்பிடித்து ஓட்டை விழாது. எனக்குச் செம்பு போடத்தான் ஆசை.