ஊறுபட்ட மின்கலம்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

பயன்படுத்திய மின்கலங்களைப் பொதிந்து அனுப்புவதற்கான விதிகளைத் தமிழில் எழுத முற்படுபவர் முதலில் இடறும் இடம் ஒன்று உண்டு. சிதைவோ பாதுகாப்புக் குறைபாடோ உடையதென இனங்காணப்பட்ட மின்கலத்துக்கு என்ன பெயரிடுவது? ‘கெட்டுப்போன பேட்டரி’, ‘பழுதடைந்த மின்கலம்’, ‘சேதமுற்ற மின்கலம்’ ஆகிய மூன்றும் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. பெட்டியின் மேல் ஒட்டப்பட்டு, லாரி புக்கிங் அலுவலகத்தில் சுமை ஏற்றுபவர் படிக்கப்போகும் சொல் இது என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பழைய மின்கலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதை அனுப்புகை விதிகள் மூன்றாகப் பிரிக்கின்றன. நல்ல நிலையில் இருந்து மறுபயனுக்குச் செல்வது ஒன்று; மறுசுழற்சிக்கோ அழிப்புக்கோ செல்லும் கழிவு மற்றொன்று; உப்பியது, நசுங்கியது, கசிந்தது, வாயு வெளியேறியது, பாதுகாப்புக் குறை காரணமாக உற்பத்தியாளர் திரும்பப் பெற்றது ஆகியவை மூன்றாம் வகை. அபாயகரமான பொருள்களின் போக்குவரத்துக்கான ஐ.நா. மாதிரி விதிமுறைகளில் கழிவு லித்தியம் மின்கலங்களுக்கு 377ஆம் சிறப்பு விதியும், மூன்றாம் வகைக்கு 376ஆம் சிறப்பு விதியும் பொருந்தும். லித்தியம்-அயனி மின்கலம் தனியாக அனுப்பப்பட்டால் ஐ.நா. எண் 3480, கருவியோடு சேர்ந்து சென்றால் 3481 என்பதும், இரண்டுமே 9ஆம் வகுப்பு (பலவகை அபாயப் பொருள்கள்) என்பதும் மாறுவதில்லை; பொதியும் முறைதான் மாறுகிறது. வான்வழியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. கழிவு மின்கலத்தை அனுப்புவதற்கு, அது புறப்படும் நாட்டின் அரசும் விமான நிறுவனத்தின் நாட்டு அரசும் ஒப்புதல் தர வேண்டும். மூன்றாம் வகை மின்கலமோ விமானத்தில் ஏறவே கூடாது. ஆகவே சொல் பிசகினால் பொதியும் பிசகும், செல்லும் வழியும் பிசகும்.

நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தியதையும் ஆயுள் முடிந்ததையும் கழிவு மின்கலம் என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்குகின்றன. சேகரிப்புக்கும் உற்பத்தியாளரின் பொறுப்புக்கும் அது போதும். பொதிபவருக்குப் போதாது.

இனி, முன்வைக்கப்பட்ட சொற்களுக்கு வருகிறேன். கெட்டுப்போனது என்றால் வேலை செய்யாதது என்றே நாம் பொருள் கொள்கிறோம். ஆனால், சார்ஜ் ஏறாமல் போன மின்கலம் ஒன்று உறை குலையாமல் இருக்கலாம். அது கழிவாகச் செல்லலாம். உப்பிப்போன மின்கலமோ இன்னும் கைபேசியை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அதுதான் மூன்றாம் வகை. கோயம்புத்தூரில் மின்ஸ்கூட்டர் பழுதுநீக்கும் கடை ஒன்றில், “இது உப்பியிருக்கு, ஆனா கெடலை” என்று சொல்லி ஒருவர் மின்கலத்தைச் செய்தித்தாளில் சுற்றிப் பார்சலுக்குத் தயாராக வைத்ததை நேரில் பார்த்தேன். அவர் கவனமற்றவர் அல்லர். அவரிடம் இருந்த சொல் அவ்வளவுதான் சொல்லியது. ‘செத்த பேட்டரி’ என்பதும் இதே காரணத்தால் ஆகாது. தீர்ந்துவிட்டதாகக் கருவி காட்டும்போதும் ஒரு லித்தியம்-அயனிக் கலத்தில் ஏறத்தாழ 3 வோல்ட் மின்னழுத்தம் நிற்கும். முனைகள் ஒன்றையொன்று தொட்டால் ‘ஷார்ட்’ ஆகும்.

‘பழுது’ என்றதும் மனம் ‘பார்ப்பது’ என்று அடுத்த சொல்லைத் தேடுகிறது. திறந்து சரிசெய்யலாம் என்னும் எண்ணத்தை அது தூண்டுகிறது. ‘சேதம்’ பார்சல் துறையில் ஏற்கெனவே வேறொரு வேலையைச் செய்துகொண்டிருக்கிறது: வழியில் உடைந்த சரக்குக்கான இழப்பீட்டுச் சொல் அது. மேலும், வெளியில் ஒரு கீறலும் இல்லாமல் உற்பத்திக் குறையால் திரும்பப் பெறப்பட்ட மின்கலத்தைச் சேதமுற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எனவே ‘ஊறுபட்ட மின்கலம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘உடல்நலத்துக்கு ஊறு விளைவிக்கும்’ என்று செய்தித்தாள்களில் அன்றாடம் படிக்கிறோம். தான் பட்ட கேட்டையும் பிறர்க்குச் செய்யும் கேட்டையும் இந்தச் சொல் ஒருசேரக் காட்டுகிறது. உறை குலைந்ததும் உள்ளே குறையுடன் பிறந்ததும் இரண்டுமே இதில் அடங்கும். மறுப்பு ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன்: பழைய வழக்கில் ஊறு தொடுவுணர்வையும் குறிக்கும், இன்றைய காதுக்கு அது ஊறுகாயையும், ஊறவைத்ததையும் நினைவூட்டலாம். நீரில் நனைந்த மின்கலமோ என்று ஒருவர் மயங்கினாலும் தீங்கில்லை என்றே நினைக்கிறேன், அவர் அதை எச்சரிக்கையோடுதான் தொடுவார்.

இதனோடு ஒட்டிய இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துக்கொள்ளலாம். கலத்தினுள் இரு மின்வாய்களையும் தொடவிடாமல் பிரித்துவைக்கும் பிரிப்பான் சிதைந்து, உள்ளேயே மின்குறுக்கு (‘ஷார்ட்’) நேர்ந்து, எழும் சூடு வேதிவினையை விரைவாக்க, அந்த வினை மேலும் சூட்டைப் பெருக்கும் நிலைக்குச் சிலர் ‘வெப்ப ஓட்டம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது இயற்பியலில் வெப்பம் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பாய்வதைக் குறிப்பதாகிவிடும். கட்டுக்கடங்காமல் ஓடுவதைத் தறிகெட்டு ஓடுதல் என்கிறோம். ‘தறிகெட்ட வெப்பம்’ என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஈய-அமில மின்கலங்களுக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. அவை 8ஆம் வகுப்பு அரிபொருள்கள். நிமிர்த்தி வைத்து, முனைகளை மூடி, அமிலம் சிந்தாமல் கட்ட வேண்டும் என்பதை ஈயத்தின் விலை தெரிந்த பழைய இரும்புக்கடைக்காரர்கள்கூட அறிவார்கள். உறை விரிசல்விட்டு அமிலம் கசிந்தால் அங்கும் ஊறுபட்டது என்றே எழுதலாம்.

பொதியும் வாசகத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: “ஊறுபட்ட மின்கலம் ஒவ்வொன்றையும் தனித்தனி உள்ளுறையில் இட்டு, எரியாததும் மின்கடத்தாததுமான வெப்பக்காப்புப் பொருளால் சூழ்ந்து, வெளிப்பெட்டியில் அசையாதவாறு வைக்கவும்.” செய்தித்தாளுக்கு இதில் இடமில்லை, வெர்மிகுலைட் போன்ற கனிமத் துகள் பொருந்தும். அமெரிக்க விதியில் இத்தகைய பெட்டியின் எச்சரிக்கை எழுத்து குறைந்தது 12 மில்லிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அதே உயரத்தில் ‘ஊறுபட்ட லித்தியம்-அயனி மின்கலம்’ என்று எழுதி, அதன்கீழ் சிறிய எழுத்தில் ‘உப்பியது, நசுங்கியது, கசிந்தது, திரும்பப் பெறப்பட்டது’ என்று அச்சிட்டு, பொருந்துவதற்கு நேரே குறியிடக் கட்டம் விட்டால், அந்தக் கோயம்புத்தூர்க் கடைக்காரர் தம் கையில் இருப்பது எந்த வகை என்பதைத் தாமே கண்டுகொள்வார்.