மேகம் மேல இழுக்குது, மோட்டாரோட சீக்கிரம் கீழ இறங்கறது எப்படி?

பாராமோட்டார்ல (முதுகுல இஞ்சின் கட்டிக்கிட்டு பறக்கற பாராகிளைடர்) 2 வருஷமா பறக்கறேன், ரிஃப்ளெக்ஸ் விங் (வேகத்துலயும் சுலபமா மடங்காத துணி இறக்கை), மோட்டார் முதுகுல 27 கிலோ. போன வாரம் மத்தியானம் 900 மீட்டர்ல இருந்தப்போ தலைக்கு மேல மேகம் ஊதிப் பெருசாக ஆரம்பிச்சுது, இஞ்சினை ஆஃப் பண்ணியும் வேரியோ (ஏறற, இறங்கற வேகத்தைச் சொல்ற கருவி) விடாம பீப் பீப்னு கத்துது, செகண்டுக்கு 2 மீட்டர் வேகத்துல மேல ஏறிக்கிட்டேதான் போறேன்.

மொதல்ல பிக் இயர்ஸ் (விங்கோட ரெண்டு ஓரத்தையும் மடக்கறது) இழுத்தேன், ட்ரிம்மர் (விங் வேகத்தை மாத்தற பட்டை) திறந்தே இருந்ததால லைன் கல்லு மாதிரி அசையவே இல்ல, அப்புறம் ட்ரிம்மரை மூடிட்டு இழுத்தா ரெண்டு ஓரமும் மடங்குச்சு, ஆனா ஏறறது நின்னுச்சே தவிர எறங்கல. ஸ்பீட்பாரையும் (வேகம் கூட்ட கால்ல மிதிக்கற கம்பி) மிதிச்சேன், கொஞ்சம் எறங்குச்சு, அதுக்குள்ள விரல் மரத்துப்போயி ஒரு பக்கம் படக்குனு திறந்துக்கிச்சு. பி-ஸ்டால் (நடு வரிசை லைன்களை இழுத்து இறங்கற முறை) வேண்டாம்னு மேனுவல்லயே போட்டிருக்கு, அதனால தொடல. கடைசியா ஸ்பைரல் (செங்குத்தா சுத்திச் சுத்தி இறங்கறது), ஒன்றரை சுத்துலயே சிங்க், அதாவது இறங்கற வேகம், செகண்டுக்கு 8 மீட்டர், ஃபிரேம் ஒரு பக்கமா இழுக்குது, பயத்துல பிரேக்கை (விங்கைத் திருப்ப கையில இழுக்கற கயிறு) சட்டுனு விட்டேன், ஊஞ்சல் மாதிரி மேல தூக்கிப் போட்டு விங் முன்னால பாய்ஞ்சுது (வயிறு வாய்க்கு வந்துடுச்சு). அப்புறம் பக்கவாட்டுல நீல வானம் பாத்து ஓடித்தான் தப்பிச்சேன். மேகம் வளரும்போதே ஓடியிருக்கணும், அது என் தப்புதான்.

அடுத்து தண்ணிக்கு மேல, பயிற்சியாளரோட, ரிசர்வ் (அவசர பாராசூட்) மாட்டிக்கிட்டு பழகப் போறேன். மோட்டார் எடையோட ஸ்பைரலை 5-6 மீட்டர் சிங்க்லயே புடிச்சு வெச்சு, இப்படித் தூக்கிப் போடாம வெளிய வர நீங்க பிரேக்கையும் உடம்பு சாய்வையும் எந்த வரிசையில விடறீங்க?