தானாகவே ஒன்றைச் செய்துவிடும் பெரிய திரைகள்: வீட்டு அனுபவங்கள்

பழைய ரிமோட்:
65 அங்குலத் தொலைக்காட்சியை வாங்கிச் சுவரில் மாட்டிய கதை எல்லோருக்கும் தெரிந்ததே என்பதால் அதை விட்டுவிடுகிறேன். என் மனத்தை இன்னும் உறுத்துவது முதல் நாள் இரவு நடந்த ஒன்று. அப்பா தம் இளமையில் திரையரங்கில் திரும்பத் திரும்பப் பார்த்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடச் சொன்னார். ஆவலோடு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர், சற்று நேரத்தில் திரும்பி, “இதை யாராவது மறுபடியும் எடுத்திருக்கிறார்களா?” என்று கேட்டார். அதே நடிகர்கள், அதே வசனம், அதே பாட்டு. இருந்தாலும் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு உடனே புரிந்தது. நாயகன் கம்பிவேலியை ஒட்டி நடந்துபோகும் காட்சியில் அவருடைய நடையில் இயல்புக்கு மீறிய ஒரு வழுக்கல் இருந்தது. ஒவ்வொரு கம்பியைக் கடக்கும்போதும் கையிலிருந்த தடியின் ஓரம் நெளிந்து, உடைந்து, மறுபடியும் ஒட்டிக்கொண்டது. காட்சி அவ்வளவு தெளிவாக இருந்ததாலோ என்னவோ, தெருவாகத் தெரிய வேண்டியது படப்பிடிப்புக்குப் போட்ட செட்டாகவே தெரிந்தது. அப்பா பாதியில் எழுந்து போனார். அதன் பிறகு அந்தப் படத்தைப் போடச் சொல்லவே இல்லை. இணைய வேகத்தையும் கேபிளையும் சரிபார்த்தாயிற்று, இரண்டிலும் குறையில்லை. வேறு யாருடைய வீட்டிலாவது இப்படி நடந்திருக்கிறதா?

இரவுக்காவல்:
உங்கள் வீட்டில் படத்தின் தோற்றம்தான் மாறியது. எங்கள் வீட்டில் தொலைக்காட்சி நள்ளிரவில் தானே விழித்துக்கொண்டது. எல்லோரும் உறங்கிய பிறகு கூடத்தில் திடீரென்று ஆட்கள் உரக்கப் பேசும் சத்தம் கேட்டு நான் எழுந்து வந்தபோது, அம்மா எனக்கு முன்பே டார்ச் விளக்கைப் பிடித்தபடி வாசற்கதவின் அருகில் நின்று, “யாரது?” என்று செய்தி வாசிப்பவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அளவுத் திரையில் ஒரு முகம் வந்தால் அது உண்மையான முகத்தைவிடப் பெரியதாக இருக்கும் என்பதையும், கூடம் இருட்டாக இருந்தது என்பதையும் நினைத்துப் பார்த்தால் அவர் பயந்ததில் வியப்பில்லை. செட்டாப் பாக்ஸ் இரவில் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு மறுபடியும் தொடங்கியபோது, ஹெச்டிஎம்ஐ கம்பி வழியே தொலைக்காட்சியையும் எழுப்பிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. காரணம் தெரிந்த பிறகும் அம்மா சமாதானமாகவில்லை. நாள்தோறும் படுக்கப் போகும் முன் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறார்.

அளவுகோல்:
எனக்கு நேர்ந்தது சிறிய விஷயம். நான் எவ்வளவு குறைத்து வைத்தாலும் சற்று நேரத்தில் திரை மறுபடியும் கண் கூசும் வெளிச்சத்துக்குத் திரும்பியது. கடைசியில் பார்த்தால், பொருத்த வந்தவர் முதல் அமைப்பில் ‘வீடு’ என்பதற்குப் பதிலாக ‘கடை’ என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்தக் கதை அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய இருவருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். பழைய ரிமோட் அவர்களே, உங்கள் தந்தை கண்டது பழுது அல்ல, அது உற்பத்தியாளர் வேண்டுமென்றே முன்கூட்டி இயக்கி அனுப்பும் ஒரு வசதி. திரைப்படம் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்களாக, அதாவது 24 தனித்தனி அசையாப் படங்களாக எடுக்கப்படுகிறது. திரையோ ஒரு விநாடிக்கு 60 அல்லது 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. 24ஐ 60க்குள் அடக்க வேண்டுமானால் ஒரு சட்டகத்தை மூன்று முறையும் அடுத்ததை இரண்டு முறையுமாக மாற்றி மாற்றிக் காட்ட வேண்டியிருப்பதால், கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் ஒரு தடுமாற்றம் தெரியும். 120 என்றால் ஒவ்வொன்றையும் ஐந்து முறை காட்டிவிடலாம், அந்தத் தடுமாற்றம் இராது. இதோடு நிறுத்திக்கொள்ளாமல், இரண்டு சட்டகங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று தொலைக்காட்சியே ஊகித்து, எவரும் எடுக்காத புதிய சட்டகங்களை வரைந்து செருகுகிறது. கம்பிவேலி போல ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் ஊகம் தவறும். உங்கள் நாயகனின் கைத்தடி உடைந்து சேர்ந்தது அதனால்தான். 2018இல் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைத்துவிடுங்கள் என்று காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டில் யுஹெச்டி அலையன்ஸ் என்ற கூட்டமைப்பு ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற காட்சி முறையை அறிவித்தது. உங்கள் மெனுவில் அது இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். இல்லையென்றால் ஆட்டோ மோஷன் பிளஸ், ட்ரூமோஷன், மோஷன்ஃப்ளோ என்று நிறுவனத்துக்கு ஒரு பெயரில் காட்சி அமைப்புகளுக்குள் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடித்து அணைக்க வேண்டும். ஒவ்வொரு ஹெச்டிஎம்ஐ நுழைவுக்கும் ஒவ்வொரு செயலிக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டி வரலாம்.

இரவுக்காவல் அவர்களே, தொலைக்காட்சியை எழுப்பியது, கம்பியால் இணைந்த கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் ஹெச்டிஎம்ஐ-சிஇசி என்ற வசதி. இதையும் அனிநெட் பிளஸ், சிம்ப்லிங்க், பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயரில் அழைக்கிறார்கள். முழுவதும் அணைத்துவிட்டால் ஒரே ரிமோட்டில் எல்லாவற்றையும் இயக்கும் வசதி போய்விடும் என்பதால், ‘இணைந்த கருவி தொலைக்காட்சியை இயக்கலாம்’ என்ற பொருளில் ஒரு தெரிவு இருந்தால் அதை மட்டும் நீக்குங்கள். அம்மாவின் பழக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: உங்களுடையது ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி வகையாக இருந்தால், அது அணைந்திருப்பதாகத் தோன்றும் ஸ்டாண்ட்பை நேரத்தில்தான் புள்ளிகளைச் சீர்செய்யும் வேலையைச் செய்துகொள்கிறது. சுவரில் உடனடியாக அணைப்பது அந்த வேலைக்கு இடம் கொடுக்காது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: 65 அங்குலத் திரையின் அகலம் ஏறக்குறைய 144 சென்டிமீட்டர். அது நம் பார்வையில் 30 பாகை அளவுக்கு நிறைய வேண்டுமானால் 2.7 மீட்டர் தொலைவிலும், திரையரங்கைப் போல 40 பாகை வேண்டுமானால் 2 மீட்டர் தொலைவிலும் உட்கார வேண்டும். முதலில் நாற்காலியின் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு அங்குலத்தை முடிவு செய்யுங்கள்.

மழைச்சாரல்:
நான் எழுதுவது மென்பொருள் அமைப்பைப் பற்றியதா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா காலமான பிறகு, பழைய கேமராவில் இருந்த குடும்பக் காணொளிகளை அண்ணன் ஒரு பென்டிரைவில் சேர்த்துக் கொண்டுவந்தான். பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று அக்காவும் வந்திருந்தாள். அப்பா எதற்கோ சிரித்து, கேமராவைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கையை நீட்டும் இடம் ஒன்று வரும். அந்த இடத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார், நிறுத்தினோம். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அப்போது திரை தானாக மங்கி, அப்பாவின் முகம் இருந்த இடத்தில் ஒரு சலவை இயந்திரத்தின் விளம்பரம் சுவர் நிறைய வந்து நின்றது. “இது எங்கிருந்து வந்தது?” என்று அம்மா கேட்டதற்கு எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. ரிமோட்டில் எதையோ அழுத்தியதும் அப்பா திரும்பி வந்தார். ஆனால் அதற்குள் அம்மா எழுந்துவிட்டார்.

விலை கொடுத்து வாங்கி, நம் வீட்டுச் சுவரில் நாமே மாட்டிய ஒன்று, நாம் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றுகூடத் தெரியாமல் நடுவில் புகுந்து வியாபாரம் பேசுகிறதே என்ற கோபம் இன்னும் எனக்குத் தீரவில்லை. தெரிந்தே புகுந்திருந்தால் அது இன்னும் மோசம்.

மேல்மாடி:
அளவுகோல் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன், ஆனால் இரண்டு இடங்களில் உடன்பட முடியவில்லை. அந்த நடுச் சட்டகங்களை எல்லோரும் வெறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என் மாமனாருக்கு அதை அணைத்துவிட்டால் கண் வலிக்கிறது. விளையாட்டுப் பார்க்கும்போது பந்து எங்கே போகிறது என்பது அது இயங்கும்போதுதான் அவருக்குத் தெளிவாகத் தெரிகிறது. வீட்டில் பார்க்கிறவர் அவர், இயக்குநர் அல்ல. இரண்டாவது, பாகைக் கணக்கு கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கானது. என் மாமியார் திரைக்கு மிக அருகில், அதுவும் ஓரமாக ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருகிறார். அந்தக் கோணத்தில் நிறங்கள் வெளிறிப்போகின்றன என்பது எங்களுக்குத்தான் குறை, அவருக்கு முகங்கள் தெரிந்தால் போதும்.

என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு பெரிய திரையில் உதடு அசைவது தெரிகிறது, பேச்சு மட்டும் கேட்பதில்லை. முக்கியமான ஒரு காட்சியில் நாயகி தணிந்த குரலில் ஏதோ சொல்கிறாள் என்று மாமனார் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனார். அடுத்த விநாடி ஒரு கார் வெடித்தது, தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை வீறிட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அளவுகோல்:
மேல்மாடி, எல்லோரும் வெறுக்கிறார்கள் என்று நான் எழுதவில்லை, மறுபடியும் படித்துப் பாருங்கள். ஒலியைப் பொறுத்தவரை, திரை மெலிந்துகொண்டே போனதால் ஒலிபெருக்கிகள் கீழ்ப்பக்கத்துக்கோ பின்பக்கத்துக்கோ தள்ளப்பட்டுவிட்டன. பேச்சு நேராக நம்மை நோக்கி வருவதில்லை. போதாததற்கு, ஆறு தடங்களில் கலந்த ஒலி இரண்டு சிறிய ஒலிபெருக்கிகளுக்குள் திணிக்கப்படுகிறது. செயலியின் ஒலித் தெரிவில், அந்த ஆறு தட ஒலியைக் குறிக்கும் 5.1க்குப் பதிலாக, இரண்டு தடங்கள் கொண்ட ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுத்து, தொலைக்காட்சியில் ‘இரவு முறை’ அல்லது ‘தெளிந்த குரல்’ என்று இருப்பதை இயக்கிப் பாருங்கள். தணிந்த பேச்சுக்கும் வெடிச்சத்தத்துக்கும் உள்ள இடைவெளி குறையும்.

மழைச்சாரல், நீங்கள் கண்டது விளம்பரத்தோடு வரும் ஸ்கிரீன்சேவராக இருக்க வேண்டும். படம் அசையாமல் நின்றால் தொலைக்காட்சி அதைக் கொண்டுவரும், நிற்பது எந்தப் படம் என்று அது பார்ப்பதில்லை. பார்க்கிற வசதி வேறொன்று இருக்கிறது. ஏசிஆர் என்ற அந்த வசதி, திரையில் ஓடுவதிலிருந்து மாதிரிகளை எடுத்து ஒரு தரவுத்தொகுப்போடு ஒப்பிட்டு நாம் பார்ப்பது எது என்று கண்டுபிடிக்கும். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் நிகழ்ச்சியும் இதற்கு விலக்கல்ல. உரிமையாளர்களின் ஒப்புதல் இல்லாமல் 1 கோடியே 10 லட்சம் தொலைக்காட்சிகளிலிருந்து இப்படித் தகவல் திரட்டியதாக விசியோ நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் நியூ ஜெர்சி மாநிலமும் தொடுத்த வழக்கு, 2017இல் 22 லட்சம் டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது. முதல் நாள் அமைப்பின்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அடுத்தடுத்து அழுத்திய பக்கங்களில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கும்.

இரவுக்காவல்:
எங்களுடையது ஓஎல்இடி அல்ல, ஆகவே அம்மாவின் சுவர் சுவிட்ச் தொடரட்டும். சிஇசியில் நீங்கள் சொன்ன தெரிவை நீக்கிவிட்டேன் என்று அவரிடம் சொன்னேன். “அது உனக்குச் சொல்லிவிட்டா எழுந்தது?” என்று கேட்டார்.

மழைச்சாரல்:
அளவுகோல் அவர்களுக்கு நன்றி. பொது அமைப்புகளில் ஸ்கிரீன்சேவரை அணைத்தேன். ஏசிஆர் என்ற பெயரில் எதுவும் இல்லை. ‘பார்வைத் தகவல் சேவைகள்’ என்று தனியுரிமைப் பகுதியின் கடைசியில் ஒன்று இருந்தது, அதில் போட்டிருந்த குறியை எடுத்தேன். சென்ற வாரம் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தது. அதன் பிறகு போய்ப் பார்த்தால் ஸ்கிரீன்சேவர் அணைந்தபடியே இருக்கிறது, அந்தக் குறி மட்டும் திரும்பி வந்திருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.