வடகொரியா மீதான தடைகளை நடுக்கடலில் அமல்படுத்துவது யார்?

யாழினி:
வணக்கம். பன்னாட்டு உறவுகள் படிக்கிறேன். 2006 அக்டோபர் 9-ல் வடகொரியா முதல் அணுகுண்டுச் சோதனையை நடத்தியது. ஐந்தே நாளில் ஐ.நா. பாதுகாப்பு அவை 1718-ம் தீர்மானத்தை நிறைவேற்றியது. அப்புறம் தீர்மானத்துக்கு மேல் தீர்மானம். 2017 டிசம்பரில் வந்த 2397, ஆண்டுக்கு 5 லட்சம் பீப்பாய்க்கு மேல் சுத்திகரித்த எண்ணெய் அங்கே போகக்கூடாது என்கிறது. இதெல்லாம் பாடத்தில் இருக்கிறது. ஆனால் ஐ.நா.வுக்குக் கடற்படையே கிடையாதே. நடுக்கடலில் ஒரு கப்பலைப் பார்த்து "நில்" என்று சொல்வது யார்? கப்பலில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

செல்வம் (டேங்கர்):
பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை, யாழினி. 19 வருடம் டேங்கரில் ஓடியவன் நான், கடைசி ஆறு வருடம் சீஃப் ஆஃபீசராக. பெருங்கடலில் போகும் கப்பல், அது பறக்கவிடும் கொடிக்குரிய நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. சந்தேகம் வந்தாலும் அந்த நாடு சம்மதித்தால்தான் ஏறிச் சோதிக்கலாம். 2017 செப்டம்பரில் வந்த 2375-ம் தீர்மானமே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஒரு நாட்டின் துறைமுகத்துக்குள்ளோ கடல் எல்லைக்குள்ளோ வந்துவிட்டால் கதை வேறு. பிடிக்கவும் சோதிக்கவும் முடக்கவும் 2397 இடம் கொடுக்கிறது. நிலக்கரியோடு போன 'வைஸ் ஆனஸ்ட்' கப்பலை இந்தோனேசியா 2018 ஏப்ரலில் மறித்தது அப்படித்தான்.

நடுக்கடலில் நிறுத்துவது அந்தக் கப்பலோடு வேலை செய்ய மறுக்கிற இன்னொரு கப்பல்தான். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

2018 பிப்ரவரி, கிழக்குச் சீனக் கடல். எங்களிடம் டீசல். சரக்கை வாங்கியவர் தரப்பிலிருந்து மெயில் வந்தது: இன்ன இடத்தில் இன்ன பெயருள்ள சின்னக் கப்பலுக்கு 2,500 டன் கொடுங்கள். கப்பலுக்குக் கப்பல் சரக்கு மாற்றுவது, எஸ்டிஎஸ் என்போம், எங்களுக்கு அன்றாட வேலை. வடகொரியக் கொடி உள்ள கப்பலோடு மட்டும் கூடாது. சொன்ன கப்பல் இருட்டுகிற நேரத்தில் வந்தது. ரேடாரில் புள்ளி இருக்கிறது, ஏஐஎஸ் திரையில், அதாவது கப்பல்கள் தாமே ஒலிபரப்பும் பெயரும் இடமும் தெரிகிற திரையில், பெயர் இல்லை. விஎச்எஃப் ரேடியோவில் கேட்டால் கருவி பழுது என்றார்கள்.

கப்பலின் பெயரை வெறும் பெயிண்டில் எழுதி விடமாட்டார்கள். முதலில் எழுத்தின் விளிம்பை வெல்டிங்கில் புடைக்கவைத்து அதன்மேல்தான் பெயிண்ட் அடிப்பார்கள். பெயரை மாற்றினால் கிரைண்டர் போட்டு அந்தப் புடைப்பைச் சீவ வேண்டும். இவர்கள் சீவவில்லை. சர்ச்லைட்டைச் சாய்த்து அடித்ததும் புதுப்பெயருக்கு அடியில் பழைய எழுத்துகள் நிழல் விழுந்து தெரிந்தன.

அப்புறம் ஐஎம்ஓ எண், அதாவது கப்பலின் நிரந்தர அடையாள எண். பெயர், கொடி, முதலாளி எது மாறினாலும் கப்பல் உடைபடும் வரை மாறாத ஏழு இலக்கம். முதல் ஆறையும் வரிசையாக 7, 6, 5, 4, 3, 2-ஆல் பெருக்கிக் கூட்டினால், கூட்டுத்தொகையின் கடைசி இலக்கம்தான் ஏழாவதாக இருக்க வேண்டும். சார்ட் மேசையில் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. அப்படி ஒரு எண்ணே இருக்க முடியாது. கேப்டன் வந்து தானும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். இரண்டு கப்பலும் உரசாமல் நடுவில் விடும் ரப்பர் மெத்தையை, ஃபெண்டரை, தண்ணீரில் இறக்கியிருந்தோம்; மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் சும்மா மிதந்தோம். ஆபீஸிலிருந்து போன் மேல் போன். தடையில் மாட்டினால் கப்பலின் காப்பீடு போய்விடும் என்று கேப்டன் எழுதி அனுப்பியதும்தான் அடங்கினார்கள். ஐ.நா. என்ற பேச்சே அந்த இரண்டு நாளில் எழவில்லை.

2,500 டன் சின்ன அளவுதானே என்று நினைக்காதீர்கள். 5 லட்சம் பீப்பாயை டீசலாகக் கணக்கிட்டால் சுமார் 67,000 டன். அப்படிப்பட்ட கப்பல் 27 தடவை போனால் ஒரு வருட உச்சவரம்பு முடிந்தது.

மீரா (வங்கி):
செல்வம் சார் சொன்னது வங்கியிலும் அப்படியே. ஏற்றுமதிக் கடன் பிரிவில் இருக்கிறேன். பில் ஆஃப் லேடிங், அதாவது கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான ரசீது, வந்தால் கப்பலின் பெயரைவிட ஐஎம்ஓ எண்ணைத்தான் முதலில் தட்டிப் பார்ப்போம். 2005-ல் சீனாவின் மக்காவ் பகுதியில் பாங்கோ டெல்டா ஏசியா என்ற வங்கி மீது அமெரிக்கா கை வைத்தபோது முடங்கிய வடகொரியப் பணம் சுமார் 2.5 கோடி டாலர்தான். ஆனால் அதைப் பார்த்து மற்ற வங்கிகளும் பயந்து விலகின. அது ஐ.நா. தடைகூட இல்லை.

அறிவழகன்:
அந்தப் பயம் யார் தலையில் விடிகிறது என்பதையும் பேச வேண்டும். 2397-ல் சுங்கக் குறியீட்டின் 72 முதல் 83 வரை எல்லா உலோகமும், 84, 85-ல் எல்லா இயந்திரமும் தடை. தண்ணீர் பம்பு 84-ல் வருகிறது, இரும்புக் குழாய் 73-ல். ஒரு கிராமத்துக்குக் குடிநீர் கொடுக்கப் போகும் தொண்டு நிறுவனம் தடைகளைக் கவனிக்கும் பாதுகாப்பு அவையின் 1718 குழுவிடம் விலக்குக் கேட்டுக் காத்திருக்க வேண்டும். விலக்குக் கிடைத்தாலும் பணம் அனுப்ப வங்கி தயங்கும். மீரா, உங்கள் மேசையில் இப்படி ஏதாவது வந்ததா?

மீரா (வங்கி):
ஒன்று வந்தது. விலக்குக் கடிதம் இருந்தும் மேலிடம் வேண்டாம் என்றது. எனக்கு இன்றும் அதில் வருத்தம் உண்டு.

யாழினி:
எல்லாருக்கும் நன்றி. செல்வம் ஐயா, அந்தக் கப்பல் கடைசியில் எது என்று தெரிந்ததா?

செல்வம் (டேங்கர்):
தெரியவில்லை அம்மா. நான் எடுத்த படங்களையும் லாக்புக் பக்கத்தின் நகலையும் கம்பெனி வழியாக எங்கள் கொடி நாட்டுக்கு அனுப்பினோம். பதில் வரவில்லை. ஆனால் அப்போது ஐ.நா.வில் நிபுணர் குழு ஒன்று இருந்தது, எட்டுப் பேர். நாடுகள் அனுப்பும் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கப்பல்களை அடையாளம் கண்டு அறிக்கையில் போடுவார்கள். புது அறிக்கை வந்தால் படப் பக்கங்களை நகர்த்தி எங்கள் கப்பலைத் தேடுவேன்.

2024 மார்ச் 28-ல் அந்தக் குழுவை நீட்டிக்கும் தீர்மானத்துக்கு 13 நாடுகள் ஆதரவு, சீனா நடுநிலை வகித்தது, ரஷ்யா வீட்டோ. ஏப்ரல் 30-ஓடு குழு முடிந்தது. தடைகள் அத்தனையும் இன்னும் அமலில் இருக்கின்றன. பார்த்து எழுதும் ஆள்களைத்தான் எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் 11 நாடுகள் சேர்ந்து தனியாக ஒரு கண்காணிப்புக் குழு அமைத்திருக்கின்றன, ஐ.நா.வுக்கு வெளியே. உங்கள் பாடத்தில் 2397 வரைதான் இருக்கிறது என்றால் இதையும் சேர்த்துப் படியுங்கள்.