டிராஃபிக்கில் மட்டும் எஞ்சின் சூடேறுகிறது. ஹெட்டை இறக்கச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

ஈரோட்டுக்காரன்:
என் கார் 2013 மாடல், பெட்ரோல். பைபாஸில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் சூடு முள் நடுவிலேயே நிற்கிறது. ஊருக்குள் வந்து பன்னீர்செல்வம் பூங்கா சிக்னலில் ஏசியோடு மாட்டிக்கொண்டால் கிடுகிடுவென ஏறிச் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டின் டப்பாவிலும் அளவு இறங்குகிறது. ஒரு பட்டறையில் பானெட்டைத் திறந்த கையோடு, "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும், 18 ஆயிரம் ஆகும்" என்றார். எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடுதான் கேஸ்கெட்டாம். ஒரு சோதனையும் செய்யவில்லை. இன்னொருவர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பட்டறைத்தம்பி:
பட்டறை வைத்திருப்பவன் சொல்கிறேன், இரண்டாமவர் பக்கம்தான் நான். எஞ்சின் சீக்கிரம் சூடாக, கூலன்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது குளிர்நாட்டுக்கு வேண்டும், நம் வெயிலுக்கு எதற்கு? அம்பாசிடர், மாருதி 800 காலத்திலிருந்தே கழற்றிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். அதற்கும் அடங்கவில்லையென்றால் கேஸ்கெட்தான்.

கொங்குநாட்டான்:
தம்பி, அவர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். பைபாஸில் சூடேறவில்லை, நின்றால்தான் ஏறுகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே, கூலன்ட் ஆறும் ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையைச் செய்ய வேண்டியது ஃபேன். அப்போ முதலில் பார்க்க வேண்டியது ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே (ஃபேனுக்குக் கரன்டைக் கொடுத்து நிறுத்தும் சுவிட்ச்), மோட்டார், வயர். தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டால் பைபாஸில்தான் இன்னும் மோசமாக ஏறும்.

அதைக் கழற்றுவது வைத்தியமே இல்லை. அது 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அந்தச் சூட்டில்தான் எஞ்சின் சரியாக வேலை செய்யும். கழற்றிவிட்டால் எஞ்சின் சூடாகவே நேரம் எடுக்கும். அதுவரை எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும், கரி படியும். பழைய கார்புரேட்டர் வண்டிக்குச் செய்ததை இன்றைய எஞ்சினுக்குச் செய்யக் கூடாது.

ஈரோட்டுக்காரரே, டிராஃபிக்கில் நிற்கும்போது ஏசியின் குளிர்ச்சியும் குறைகிறதா? நிற்கும்போது ஏசியின் சூட்டை வெளியேற்றவும் ஃபேன்தான் வேண்டும்.

ஈரோட்டுக்காரன்:
ஆமாம். நின்றால் அனல் காற்றுதான். வண்டி நகர்ந்ததும் குளிர்கிறது. அது தனிக் கோளாறு என்று நினைத்திருந்தேன்.

பட்டறைத்தம்பி:
சரி, ஃபேன் என்றே வைத்துக்கொள்வோம். ஃபேன் கூலன்டைக் குடிக்குமா? அளவு இறங்குகிறதே, அதற்கு என்ன பதில்?

கொங்குநாட்டான்:
நியாயமான கேள்வி. ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தம் வரைதான் தாங்கும். முள் சிவப்புக்குப் போகும்போதெல்லாம் கூலன்ட் பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு டப்பாவுக்கு வந்து, அங்கிருந்து வழிந்து ரோட்டில் போயிருக்கலாம். ஹோஸ் கிளிப், வாட்டர் பம்பின் கசிவுத் துளை, ரேடியேட்டர் ஓரம் ஆகிய இடங்களில் காய்ந்த கூலன்டின் பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேஸ்கெட் போயிருந்தால் அதை ஹெட்டை இறக்காமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போலிருக்கலாம். சந்தேகம் இருந்தால் நீல ரசாயனச் சோதனை இருக்கிறது: எஞ்சினுக்குள் எரிந்த புகை கூலன்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்யாமல் 18 ஆயிரம் கேட்பதை என்னால் ஏற்க முடியாது.

இன்னொன்று, சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும் திரவம், திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

நெல்லைச்சீமை:
இவ்வளவு வம்பு எதற்கு? கம்பெனி சர்வீஸில் விடுங்கள். பில் உண்டு, மாற்றிய பாகத்துக்கு வாரண்டி உண்டு, தவறு நடந்தால் கேட்க ஆள் உண்டு.

மதுரைப்பொண்ணு:
பில் இருந்தால் மட்டும் நம்பிக்கை வந்துவிடாது அண்ணா. என் வண்டிக்கும் இதே கோளாறு வந்தது. பெரிய சர்வீஸ் சென்டரில் ஃபேன், மோட்டார், கூடு எல்லாவற்றையும் சேர்த்து மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். யார் பார்த்தார்கள், என்ன பார்த்தார்கள் என்று கேட்டால் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியவில்லை. மெக்கானிக்கைப் பார்க்கவும் விடவில்லை.

பிறகு டாக்ஸி ஸ்டாண்டில் விசாரித்து ஒரு பட்டறைக்குப் போனேன். சொந்தக் காசில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத்தான் யார் ஏமாற்றுவார் என்று தெரியும். அவர் ஃபேன் பிளக்கைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராகக் கரன்ட் கொடுத்தார். ஃபேன் சுற்றவில்லை. மோட்டாரின் பின்பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டினார், சுற்றியது. "மோட்டாருக்குள்ள கரன்ட் கொடுக்குற கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சு அக்கா" என்று பிரித்து, நியூஸ்பேப்பரில் வைத்துக் காட்டினார். ஒன்று நகக்கண் அளவுக்குத் தேய்ந்திருந்தது. கூட வந்த என் தம்பியிடம் பேசாமல் என்னிடமே விளக்கினார், அது எனக்கு ரொம்ப முக்கியம். கழற்றிய பாகத்தைக் கேட்காமலே கையில் கொடுக்கிறவரிடம் வண்டியை விடலாம்.

பட்டறைத்தம்பி:
இவ்வளவு பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். அரை மணி நேரம் சோதனை செய்து ரிலேதான் கோளாறு என்று சொன்னால், "சரி, பார்த்துக்கிறேன்" என்று கிளம்பிப் போய் ஆன்லைனில் ரிலே வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பார்த்த கூலி என்று ஒரு ரூபாய் வராது. கழற்றினால்தான் காசு என்று வாடிக்கையாளரே பழக்கிவிட்டால், பட்டறைக்காரன் கழற்றத்தானே பார்ப்பான்?

கொங்குநாட்டான்:
இதில் முழுக்க உங்கள் பக்கம். கோளாறைக் கண்டுபிடிப்பதும் வேலைதான், பெரிய வேலையும் அதுதான். "பார்க்க மட்டும் எவ்வளவு?" என்று முதலிலேயே கேட்டு, ஐநூறோ ஆயிரமோ கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு காரணத்தை எழுதிக் கொடுக்கிறவர் நல்ல மெக்கானிக். தெர்மோஸ்டாட் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வர மாட்டேன்.

ஈரோட்டுக்காரன்:
இன்று காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தேன். குமிழி இல்லை, ஹோஸ் இறுகவில்லை, ஆயில் மூடி சுத்தம். ஏசி போட்டும் ஃபேன் சுற்றவில்லை. அதே அளவு ரிலே ஹாரனுக்கும் இருந்தது, மாற்றிப் போட்டேன். கொஞ்ச நேரம் சுற்றி நின்றுவிட்டது. ஃபேன் பிளக்கை உருவினால் ஒரு பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருக்கிறது. ரேடியேட்டர் ஓரத்தில் படிவு எதுவும் இல்லை. டப்பாவின் வழியும் குழாய்க்குக் கீழே மட்டும் பச்சையாகக் காய்ந்திருக்கிறது.

பட்டறைத்தம்பி:
அப்போ கேஸ்கெட்டைத் தொட வேண்டாம். ரிலேயை மட்டும் மாற்றி ஓட்டாதீர்கள், பிளக் மறுபடி உருகும். பின்னோடு புது கனெக்டர் போட்டு, வயரை அதற்கான கருவியால் அழுத்திக் கிரிம்ப் செய்யச் சொல்லுங்கள். முறுக்கி டேப் சுற்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று கிளாம்ப் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். அதிகமாக இழுத்தும் பின் கருகியிருக்கலாம், அப்படியென்றால் மோட்டாரும் போகிற நிலையில் இருக்கலாம். ரேடியேட்டர் மூடி பழசென்றால் அதையும் மாற்றிவிடுங்கள். குறைந்ததற்கு போர் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கூலன்டே ஊற்றுங்கள். வேலை முடிந்த பிறகு, பட்டறையிலேயே ஏசியைப் போட்டு நிறுத்தி வைத்து, ஃபேன் சுற்றி நின்று மறுபடி சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.